பந்திக்கு முந்துகிறோம்... கணக்குக்கு?

சாப்பாடு போட்டு நிதி திரட்டுவது நமக்குப் புதிதல்ல. கடைசி இலையை எடுத்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் விஷயமே!

2024 ஆகஸ்ட். வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை கிராமங்களை நிலச்சரிவு வாரிக்கொண்டு போய்ச் சில நாள்களே ஆகியிருந்தன. திண்டுக்கல்லில் ஓர் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தவர்களுக்கு இலை வந்தது, பிரியாணி வந்தது, பில் மட்டும் வரவில்லை. சாப்பிட்டவர்கள் விருப்பப்பட்ட தொகையை மொய்யாக வைத்தார்கள். சேர்ந்த தொகை வயநாட்டு நிவாரணத்துக்கு. 'மொய் விருந்து' என்றுதான் அதற்குப் பெயரும்.

செய்தியைப் பார்த்த பலருக்கு இது புது ஐடியா. புதுக்கோட்டைக்காரர்கள் மட்டும் சிரித்திருப்பார்கள்.

கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்றால் மொய் எழுதுவது எல்லா ஊரிலும் உண்டு. ஆனால், வீட்டில் விசேஷம் எதுவும் இல்லாமல், மொய் வாங்குவதற்காகவே பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறி விருந்து வைப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமும், தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணி பக்கமும் ஊறிப்போன வழக்கம். ஆடியும் ஆவணியும் சீசன். ஒரே குடும்பம் செய்தால் செலவு கையைக் கடிக்கும் என்பதால், பல குடும்பங்கள் கூட்டுச் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள். பந்தி பொது, மொய் எழுதும் மேஜை மட்டும் ஆளாளுக்குத் தனி. நோட்டில் எழுதிய காலம் போய் கம்ப்யூட்டர் வந்தது, பணம் எண்ணும் மெஷின் வந்தது, கையோடு ரசீதும் வந்தது.

ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மேஜையில் வைக்கப்படும் பணம் நன்கொடை அல்ல, கடன். வட்டி இல்லாத, பத்திரம் இல்லாத கடன். இன்று மொய் வைத்தவர் சில வருடங்கள் கழித்துத் தன் முறைக்கு விருந்து வைப்பார். வாங்கியவர் அங்கே போய், பழைய தொகையோடு கொஞ்சம் கூடுதலாகவும் வைக்க வேண்டும். அந்தக் கூடுதல்தான் அடுத்த சுற்றுக்கான புதுக் கணக்கு. போர் போடுவதும், தென்னை வைப்பதும், பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் இந்தப் பணத்தில் நடக்கும். திருப்பி வைக்காவிட்டால் கோர்ட், கேஸ் எதுவும் கிடையாது. ஊருக்குள் தலைகாட்ட முடியாது, அவ்வளவுதான். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதும், அதன் பிறகு கொரோனா வந்து பந்தல்களை மூட வைத்தபோதும் இந்தச் சுற்று ஆட்டம் கண்டதற்குக் காரணமும் இதுதான். வாங்கியவர் கையில் பணம் இருந்தால்தானே திருப்பி வைப்பார்?

திண்டுக்கல் விருந்து இந்த இடத்தில்தான் வேறாகிறது. அங்கே இலையில் உட்கார்ந்து 500 ரூபாய் வைத்தவருக்கு அந்தப் பணம் எந்த நாளும் திரும்பி வராது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்தார்.

கை நனைத்த வீடு

பஸ் ஸ்டாண்டில் உண்டியல் குலுக்கினால் 10 ரூபாய் போடத் தயங்குபவர், இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஏன் 500 ரூபாய் வைக்கிறார்?

நம் வீடுகளில் இதற்கு ஒரு பேச்சு உண்டு. 'அந்த வீட்டில் கை நனைத்தாச்சு' என்பார்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டால் அங்கே ஓர் உறவு வந்துவிடுகிறது. சண்டைக்காரர் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்பதும், பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை கை நனைக்காமல் இருப்பதும் அதனால்தான். உண்டியலைத் தாண்டிப் போய்விடலாம். கை நனைத்த இடத்தைச் சும்மா தாண்ட முடியாது.

பக்கத்து இலைக்காரர் என்ன வைத்தார் என்று ஓரக்கண்ணால் பார்ப்பதும் இதில் சேர்த்தி. அதை மறைப்பானேன்? மொய் மேஜையில் மைக் வைத்துப் பெயரும் தொகையும் வாசிக்கும் ஊர்கள் நம்முடையவை. அந்தக் கூச்சமும் நிதிதான்!

மலையாளிகளுக்கும் இந்த வித்தை தெரியும். கோழிக்கோடு, வடகரை பக்கம் 'பணப்பயற்று' என்றும் 'குறிக்கல்யாணம்' என்றும் ஒரு வழக்கம் உண்டு. பணமுடையில் இருப்பவர் ஊரைக் கூப்பிட்டு டீயும் பலகாரமும் கொடுப்பார், வந்தவர்கள் பணம் வைப்பார்கள், நோட்டில் ஏறும், பிறகு திருப்பி வைக்க வேண்டும். நம் மொய் விருந்தின் சைவத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். அதே மலையாள மண்ணில்தான் இந்தக் காலத்துக்கு ஏற்ற இன்னொரு வடிவமும் பிரபலமானது: பிரியாணி சேலஞ்ச்.

100 ரூபாய் பிரியாணியில் எவ்வளவு மிச்சம்?

பேர்தான் சேலஞ்ச். யாரும் யாரோடும் போட்டி போடுவதில்லை. ஊரில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றோ, வெள்ளத்தில் வீடு போனது என்றோ செய்தி வந்ததும் கிளப், வாசகசாலை, இளைஞர் அமைப்பு என யாராவது ஒரு குழு இறங்கும். வாட்ஸ்அப் குரூப்பில் அறிவிப்பு போகும். பொட்டலம் பெரும்பாலும் 100 ரூபாயை ஒட்டி. வீட்டுக்கு எத்தனை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வார்கள். குறித்த நாளில் விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டி, மதியத்துக்குள் பைக்கில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு அந்தத் தெருவில் யார் வீட்டிலும் சமையல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்கு லீவு விடும் எந்தத் திட்டத்தையும் எந்த வீடும் எதிர்க்காது என்பதைக் கண்டுபிடித்தவருக்கு விருதே கொடுக்கலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு 500 பொட்டலம் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 100 ரூபாய் என்றால் வசூல் 50,000. அரிசி, கோழி, எண்ணெய், விறகு, மாஸ்டர் கூலி, டப்பா எல்லாம் சேர்த்து ஒரு பொட்டலத்துக்கு 70 ரூபாய் ஆகிறது என்றால் செலவு 35,000. சிகிச்சைக்குப் போவது வெறும் 15,000 ரூபாய். 'ஐம்பதாயிரம் வசூல்' என்று ஸ்டேட்டஸ் போட்டிருப்பார்கள். மருத்துவமனையில் இருக்கும் குடும்பத்துக்குப் போனது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இதே 500 பொட்டலத்தில் 80 பொட்டலம் விற்காமல் நின்றுவிட்டால்? வசூல் 42,000, செலவு அதே 35,000. மிச்சம் 7,000. இரண்டு நாள் தூக்கம் கெட்டு, இருபது பேர் வெங்காயம் உரித்ததற்கு 7,000 ரூபாய்! முன்பதிவு இல்லாமல் அடுப்பு மூட்டக் கூடாது என்று அனுபவசாலிகள் ஒற்றைக்காலில் நிற்பது சும்மா இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அரிசியை மளிகைக்கடைக்காரர் கொடுத்து, கோழியைப் பண்ணைக்காரர் கொடுத்து, மாஸ்டர் கூலி வாங்காமல் செய்துகொடுத்தால் அதே பொட்டலத்தின் செலவு 30 ரூபாய்க்கு இறங்கலாம். அப்போது 500 பொட்டலத்தில் மிச்சம் 35,000. ருசி அதே ருசி. ஆக, இந்த விருந்துகளில் பெரிய நன்கொடையாளர், 100 ரூபாய் கொடுத்து பிரியாணி வாங்கிச் சாப்பிட்டவர் அல்ல; பெயர் வெளியே வராமல் நாலு மூட்டை அரிசி இறக்கிவிட்டுப் போனவர்தான்.

'அப்படியென்றால் 100 ரூபாயை நேராகக் கொடுத்துவிடலாமே, எதற்கு பிரியாணி?' என்று குரூப்பில் ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்வி. ஏற்கெனவே 500 ரூபாய் கொடுக்கும் மனதில் இருந்தவர், 100 ரூபாய்க்குப் பொட்டலம் வாங்கிவிட்டு 'என் பங்கு முடிந்தது' என்று போய்விட்டால் விருந்தால் நஷ்டமே. ஆனால், தெருவில் பாதிப் பேர் நேராகக் கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. விவரமான குழுக்கள் பொட்டலத்தைக் கொடுக்கும்போதே ஒரு க்யூ.ஆர் கோடு அட்டையையும் நீட்டுவார்கள். பிரியாணிக்கு 100. மனசுக்கு எவ்வளவோ, அது தனி.

என்ன சமைக்கிறோம் என்பதும் சின்ன விஷயமல்ல. வயநாட்டுக்காகவே 2024-ல் எர்ணாகுளம் மாவட்டம் கோதமங்கலத்தில் பன்றி இறைச்சி விற்று நிதி திரட்டியபோது, பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அது மதத்தால் விலக்கப்பட்ட உணவு என்று எதிர்ப்பு கிளம்பியது. விற்பது ஓரிடம், பணம் போவது வேறிடம் என்று பதில் சொன்னவர்களும் உண்டு. விவாதம் எப்படியோ போகட்டும். நிவாரணத்தைப் பற்றிப் பேச வேண்டிய நாளில் ஊர் இறைச்சியைப் பற்றிப் பேசியது என்பதுதான் நடந்தது.

காபிக்கு விலை போடாத வெள்ளைக்காரர்கள்

செலவைக் குறைப்பதில் பிரியாணியை விட கெட்டிக்காரத்தனமான விருந்து ஒன்று பிரிட்டனில் நடக்கிறது. மேக்மில்லன் என்பது 1911-ல் தொடங்கப்பட்ட புற்றுநோய் உதவி அமைப்பு. தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டக்ளஸ் மேக்மில்லன் ஆரம்பித்தது. 1990-ல் அதன் உள்ளூர்க் குழு ஒன்று சின்னதாக ஒரு யோசனை செய்தது. காபி குடிக்க வாருங்கள், குடித்த காபிக்கு ஆகும் காசை அமைப்புக்குக் கொடுங்கள். அவ்வளவுதான். நன்றாக வேலை செய்யவே, மறுவருடம் நாடு முழுக்கச் செய்தார்கள். சுமார் 2,600 பேர் பதிவு செய்தார்கள். செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமையை ஒட்டி வீடு, ஆபீஸ், பள்ளிக்கூடம், தேவாலயம் என எங்கும் கெட்டிலும் கேக்குமாக இருக்கும். இதுவரை அந்தக் காபிகள் கொண்டுவந்த தொகை 20 கோடி பவுண்டுக்கும் மேல்.

எப்படி? அங்கே பொதுச் சமையல் கிடையாது, பந்தல் கிடையாது, மாஸ்டர் கூலி கிடையாது. காபித்தூள் அழைத்தவர் செலவு, கேக் பக்கத்து வீட்டு அம்மா சுட்டது. செலவு ஆயிரக்கணக்கான வீடுகளின் மளிகைக் கணக்கில் யாருக்கும் வலிக்காமல் கரைந்துவிடுகிறது. அதனால் உண்டியலில் விழுவது அப்படியே அமைப்புக்குப் போய்விடுகிறது. போஸ்டர், தோரணம் எல்லாம் கேட்டால் அமைப்பே அனுப்பிவைக்கும்.

விலைச்சீட்டு ஒட்டாமல் விடுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் வருமான வரி கட்டுபவர் 1 பவுண்டு நன்கொடை கொடுத்து, உரிய படிவத்தில் கையெழுத்துப் போட்டால், அந்த அமைப்பு அரசிடமிருந்து மேலும் 25 பென்ஸ் பெறலாம். ஆனால் கேக்குக்கு 'இரண்டு பவுண்டு' என்று விலை வைத்து விற்றால் அது வியாபாரம். அந்த 25 பென்ஸ் கிடையாது. விருப்பப்பட்டதைப் போடுங்கள் என்றால்தான் நன்கொடை. நம்ம மொய்யின் லாஜிக்கேதான்!

நம் ஊரிலும் இதற்குப் பக்கத்தில் ஒரு சங்கதி உண்டு. 80ஜி என்று நாம் பழகிய வரிச்சலுகை, பதிவு பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு மட்டும்தான். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. வங்கி வழியாகப் போக வேண்டும். வரி கட்டுவதில் புதிய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அரிசி மூட்டையாகக் கொடுத்தாலும் இல்லை. அந்த மூட்டைக்காரர் வரி ரசீதுக்காகக் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இதே 1990-ஐ ஒட்டித்தான் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும் ஒன்று தொடங்கியது. ஜான் ஹார்ட்டம் என்ற பள்ளி ஓவிய ஆசிரியர் தன் மாணவர்களைக் கொண்டு களிமண் கிண்ணங்கள் செய்ய வைத்தார். அவரும் லிசா பிளாக்பர்னும் அதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார்கள். கிண்ணத்தில் எளிய சூப், பக்கத்தில் ரொட்டி. சாப்பிட்டவர் பணம் கொடுத்துவிட்டுக் கிண்ணத்தை வீட்டுக்கே எடுத்துப் போகலாம். பசியால் வாடுபவர்களுக்காகத் திரட்டும் நிதி என்பதால் அந்தக் காலிக் கிண்ணமே ஞாபகப் பொருள். 'காலிக் கிண்ணங்கள்' என்றே அதற்குப் பெயர். பசிக்காக நடத்தும் விருந்தில் வயிறு வெடிக்கச் சாப்பிடுவதில் இருக்கும் உறுத்தலை இவ்வளவு நாகரிகமாகத் தீர்த்தவர்கள் குறைவு. நட்சத்திர ஹோட்டலில் ஏழு வகை ஸ்வீட்டோடு நடக்கும் 'சாரிட்டி டின்னர்'களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

நோட்டை யார் மூடுவது?

ஆடி மாத மொய் விருந்தில் பந்தல் பிரிப்பதற்குள் மொத்தம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது எழுத்தில் இருக்கும். ஏனென்றால் அது கடன், வைத்தவர் கேட்பார். நிவாரண விருந்தில் கேட்க ஆள் இல்லை. வைத்தவர் மறந்துவிடுவார், வாங்குபவருக்கு மொத்தம் எவ்வளவு என்றே தெரியாது. கணக்கு காணாமல் போவதற்கு இதைவிட வசதியான இடம் ஏது? வயநாட்டுக்காக பிரியாணி விற்ற பணம் போய்ச் சேரவில்லை என்று கேரளத்தில் போலீஸ் வழக்கு வரைக்கும் போனது. அப்படி ஒன்று நடந்தால் அடுத்த முறை உண்மையாகவே ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் என்று வரும்போது அந்தத் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும்.

அதனால், அறிவிப்பு வந்த அதே வாட்ஸ்அப் குரூப்பில், விருந்து முடிந்த அன்று ராத்திரியே மூன்று எண்கள் வர வேண்டும்: வசூல், செலவு, ஒப்படைத்தது. கூடவே செலவு பில்களின் போட்டோ. பணம் குழுவில் ஒருவருடைய ஜி-பே எண்ணுக்குப் போகாமல், சிகிச்சை பெறுபவரின் குடும்பக் கணக்குக்கோ, மருத்துவமனைக்கோ, பதிவு பெற்ற அமைப்புக்கோ நேராகப் போவது எல்லாருக்குமே நல்லது, அந்த ஒருவருக்கும்கூட.

ஃப்ளெக்ஸ் விஷயத்திலும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூக்கில் ட்யூப் செருகிய குழந்தையின் படம், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் 'சிக்கன் பிரியாணி ரூ.100'. இப்படி வைத்தால் வசூல் கூடும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், அந்தக் குழந்தை குணமாகி அதே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத்தான் திரும்பப் போகிறது. 'உனக்காகத்தான் நாங்கள் பிரியாணி வாங்கினோம்' என்று பக்கத்து பெஞ்சுப் பையன் சொல்லும் நாள் வரும். பெயரும் படமும் இல்லாமல், 'நம் ஊர்க் குழந்தை ஒன்றின் சிகிச்சைக்கு' என்று போட்டாலும் தெருவுக்குத் தெரியும் யாருக்கென்று. கூகுளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக சமையல். லாபம் இல்லாமல் செய்கிறோம், தர்ம காரியம் என்று சொல்லித் தப்ப முடியாது. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், லாபத்துக்குச் செய்தாலும் லாபம் இல்லாமல் செய்தாலும் அதை உணவுத் தொழில் என்றுதான் பார்க்கிறது. பெரிய அளவில் செய்பவர்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

சட்டத்தை விடவும் பயப்பட வேண்டியது சோற்றுக்கு. அரிசியில் இருக்கும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை பெருகி, வாந்தி வரவைக்கும் நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம், வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல் சூட்டிலேயே வைத்திருங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலை 9 மணிக்குக் கட்டி, 2 மணிக்குக் கொடுக்கும் பொட்டலம் இந்தக் கணக்குக்குள் வராது.

விற்காமல் நின்ற பொட்டலங்களைச் சாயங்காலம் 4 மணிக்கு ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்து ஆதரவற்றோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டு, போட்டோவும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. 100 ரூபாய் கொடுத்தவருக்கு மதியம் சூடாக, கொடுக்க முடியாதவருக்குச் சாயங்காலம் ஆறியதா? இல்லத்துக்குக் கொடுப்பதென்றால் முன்பதிவு எழுதும்போதே அதையும் ஓர் ஆர்டராக எழுதிவிடலாம். முதல் அண்டாவில் தம் உடைத்ததும் அந்த 50 பொட்டலம் முதலில் கிளம்பட்டும். விற்பனை அதற்குப் பிறகு ஆரம்பிக்கலாம்.